இரண்டு கோலும் ஒரு கயிறும்

மதிப்புக்குரிய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

தாராசுரத்திலிருந்து எழுதுகிறேன். பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல் தாண்டினால் தமிழ். இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப் போனது. காலிப்பர் போட்டு, கம்பு ஊன்றி நடப்பேன். பி.காம். முடித்திருக்கிறேன். டேலி கணக்கு மென்பொருள் தெரியும். இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டது என்று 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்கு முன்பே அது தொட்டுவிட்டுப் போன எங்களைப் போன்றவர்கள் இன்னும் வேலை பார்க்கிற வயதில்தான் இருக்கிறோம்.

வேலை தேடிப் போன கதை ஒன்றைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் ஒரு பெரிய கடை. கணக்கு எழுத ஆள் தேவை என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். போனேன். கொடுத்த பில்களைக் கணினியில் ஏற்றிக் காட்டினேன். அதில் ஜிஎஸ்டி தப்பாகப் போட்டிருந்த ஒன்றையும் எடுத்துச் சொன்னேன். முதலாளி நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துவிட்டு, “கணக்கு எழுதுற இடம் மாடியில இருக்கும்மா. தினம் நாலு தடவை ஏறி இறங்கணும். உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?” என்றார். கம்ப்யூட்டரைக் கீழே ஒரு மூலையில் வைத்தால் நான் ஏறவே வேண்டாமே என்றேன். பக்கத்தில் நின்ற பையன் சிரித்துவிட்டான், என்னவோ மாடியையே இறக்கி வைக்கச் சொன்ன மாதிரி. காபி நன்றாக இருந்தது. கும்பகோணத்தில் காபியைக் குறை சொல்ல முடியாது.

இன்னோர் இடத்தில் முழுக்க மேஜை வேலை. ஆனாலும் விளம்பரத்தில் ‘சொந்த டூவீலரும் லைசென்ஸும் அவசியம்’ என்று இருந்தது. எதற்கு என்று போன் செய்து கேட்டேன். “எல்லா விளம்பரத்துக்கும் அப்படித்தாங்க போடுவோம்” என்றார்கள்.

இவர்களில் யாரும் என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. கடை முதலாளி இரக்கப்பட்டார். அந்த இரக்கத்திலேயே வேலை போய்விட்டது. இது ஏன் எனக்கு இவ்வளவு விசித்திரமாகப் படுகிறது என்றால், நான் வளர்ந்த வீட்டில் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். என்னால் அது ஆகாது. ‘நெசவுக்கு லாயக்கில்லை’ என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெசவு என்பது ஒரே வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். ராட்டையில் தார் சுற்றுவது ஒரு வேலை. ஊடை நூலைப் பிரித்து எடுப்பது ஒரு வேலை. தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், தீரும்போது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒன்று தவறாமல், இரண்டு நாள் உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற வேலை. அதற்குக் கால் வேண்டாம், கண்ணும் விரலும் பொறுமையும் போதும். எங்கள் தெருவில் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாட்டிக்குப் பார்வை மங்கியபோது அவரிடமிருந்து நூல் முறுக்கும் வேலையை வாங்கிக்கொண்டு தார் சுற்றக் கொடுத்தோம். தார் சுற்றக் கைக்குத் தெரிந்தால் போதும். கடைசி வருடம் வரை சுற்றினார்.

இப்போது தறிச் சத்தம் குறைந்துவிட்டது. மூன்று வீட்டுக்கு ஒரு தறி ஓடினால் அதிகம். அதனால்தான் வெளியே வேலை தேடுகிறேன். வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது, அங்கே வேலையைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமே இல்லை. ஆளைப் பார்க்கிறார்கள், காலைப் பார்க்கிறார்கள், முடிந்தது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நீங்கள் எங்கள் ஐராவதேஸ்வரர் கோயிலுக்கு வந்திருப்பீர்கள். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தட்டினால் ஸ்வரம் எழுப்பும் படிகளைக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள், யாரும் ஏற முடியாது. எனக்கு எல்லாப் படியும் அப்படித்தான் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பேன். அது கிடக்கட்டும். அந்தக் கோயிலில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அறுபத்து மூவரில் ஒருவர் தண்டியடிகள், திருவாரூர்க்காரர், பார்வை இல்லாதவர். கோயில் குளம் தூர்ந்து வருவதை அறிந்து தானே தோண்டி அகலப்படுத்த இறங்கினார். குழிக்குள் ஒரு கோல் நட்டார், கரையில் ஒரு கோல் நட்டார், இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைக் கொண்டுவந்து கரையில் கொட்டினார். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். கடைசியில் இறைவன் அவருக்குக் கண் கொடுத்ததாகக் கதை முடிகிறது. எனக்கு அந்த முடிவில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. கண் வருவதற்கு முன்பே அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாரே!

இரண்டு கோல், ஒரு கயிறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத்தான் ‘நியாயமான வசதி’ என்கிறது. அரசு நிறுவனங்கள் அதைச் செய்து தரவேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. அரசு வேலையில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 4 ஆக்கியதும் அந்தச் சட்டம்தான். எந்தெந்தப் பதவி யாருக்குப் பொருந்தும் என்று மத்திய அரசு 2021 ஜனவரியில் 3,566 பதவிகளைப் பட்டியல் போட்டது. அதைப் புரட்டியபோது எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு பதவிக்கு நேராகவும் உட்காருவது, நிற்பது, நடப்பது, குனிவது, தூக்குவது, விரலால் கையாள்வது, பார்ப்பது, கேட்பது என்று வேலையைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அப்பா எழுதாமல் வைத்திருந்த பட்டியல்! ஆனால் அது டெல்லியின் பதவிகளுக்கு. கும்பகோணத்துக் கடைத்தெருவில் அதை யாரும் கண்டதில்லை.

நம் மாநிலமே இப்படி யோசித்ததும் உண்டு. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழுக்கூலி, தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளை அவர்களுக்குத் தரலாம் என்று 2012இல் தமிழ்நாட்டில் ஆணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்கு. தாராசுரம் முன்பு பேரூராட்சி, 2021இலிருந்து கும்பகோணம் மாநகராட்சி. மாநகரவாசி ஆனதில் பெருமைதான்.

எங்களுக்கு ஊக்கம் கொடுக்க வருகிறவர்கள் பெனோ செஃபைனைப் பற்றிச் சொல்வார்கள். பார்வையில்லாத சென்னைப் பெண், 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவருடைய மன உறுதியைப் பேசுகிற அளவுக்கு, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் அவருடைய கயிறு. மன உறுதி எங்கள் தெருவிலும் நிறைய இருக்கிறது, ஐயா. நான் சாதிக்க வேண்டும் என்று புறப்படவில்லை. தரைத்தளத்தில் ஒரு நாற்காலி கேட்கிறேன்.

பட்டம் படித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த மாற்றுத்திறனாளிக்கு உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பணத்தை எனக்குத் தருவதைவிட ஒரு கணினியைக் கீழே இறக்க வைப்பது அரசுக்கு எவ்வளவு மலிவு என்று கணக்குப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் அதிகாரத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வொரு தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அதில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருந்தும் வேலைகளையும் செய்து தரும் வசதிகளையும் குறிப்பிட வேண்டும் என்று 2017 விதிகளில் இருக்கிறது. கும்பகோணத்தில் 20 பேருக்கு மேல் வைத்திருக்கும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஓட்டல், மருத்துவமனை எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பாதிப் பேர் இப்படி ஒன்று உண்டா என்று கேட்பார்கள். கேட்கட்டும், அப்போதாவது எழுத உட்காருவார்களே. நான் போன கடை முதலாளி நிச்சயம் எழுதுவார். அவருக்கு மனசு இருக்கிறது, தோன்றவில்லை, அவ்வளவுதான். தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்தும்போது நிறுவனங்களிடம் வாங்கும் படிவத்திலும், என்ன பதவி என்பதோடு அந்த வேலையில் நிற்பது எவ்வளவு, நடப்பது எவ்வளவு, தூக்குவது எவ்வளவு என்று ஒரு பத்தி சேருங்கள். முகாமைத் தரைத்தளத்தில் வையுங்கள். இதையும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பேருந்து உங்கள் கையில் இல்லை என்று தெரியும். புதிய தாழ்தளப் பேருந்துகள் 2024இல் சென்னைக்கு வந்ததாகப் படித்தேன். இங்கே டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இலவசம், முதல் படிதான் விலை அதிகம்.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு நேரிலேயே வரலாம் என்று நினைத்தேன். தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர், யாராவது ஏற்றிவிட்டால் வந்துவிடுவேன். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணன் தறியில் பாவு தீர்ந்துவிட்டது. ஞாயிறு காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க செவ்வாய் ஆகிவிடும். பதில் எழுதுவதாக இருந்தால் அதன் பிறகு வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
தாராசுரத்துத் தறிக்காரர் வீட்டு மகள்