கட்டிய கயிறும் பூட்டிய கதவும்

2024 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. இரண்டு நாள்களுக்கு முன் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்நாட்டில் நகராமல் நின்று பெய்திருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். திருக்கோவிலூர், அரகண்டநல்லூர்ப் பக்கத்துக் கரையோர மக்கள் விடியுமுன் தண்ணீரைப் பார்த்தனர். அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையையே வெள்ளம் மூடியது. எலவனாசூர்கோட்டையில் வாழும் நாம் தென்பெண்ணைக் கரையில் இல்லை. ஆனால் அந்தக் கரை ஊர்களில் நமக்குப் பெண் கொடுத்தவரும் உண்டு, பெண் எடுத்தவரும் உண்டு. அவர்களுடைய வீட்டுச் சாமான்களைப் பற்றி விசாரித்தோம், பிள்ளைகளின் பாடநூல்களைப் பற்றி விசாரித்தோம். கொல்லையில் கட்டியிருந்த ஆடு என்ன ஆயிற்று என்று எத்தனை பேர் கேட்டோம்?

அரசு அந்தக் கேள்வியைத் தன் வழியில் கேட்டது. இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என நிவாரணம் அறிவித்தது. நல்லதுதான். எனினும் அது இழப்புக்குப் பின் வரும் கணக்கு. நாம் பேச விரும்புவது அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பற்றி. மாட்டுக்கு நீந்தத் தெரியும். ஆடு தண்ணீரை வெறுக்கும். அவிழ்த்துவிட்டால் மேடு தேடி ஓடிவிடும். பூனைக்கு ஒரு சுவர் போதும். புறாவுக்கு வானமே இருக்கிறது. தப்பிக்கும் அறிவை இறைவன் ஒவ்வொன்றுக்கும் கொடுத்தே அனுப்பியிருக்கிறான். அந்த அறிவைப் பயனற்றதாக்குவது நாம் கட்டிய கயிறு, நாம் போட்ட தாழ்ப்பாள், நாம் பின்னிய கம்பிக்கூண்டு ஆகியவைதாம். வளர்ப்பு என்பதன் பொருளே அதுதான். ஓர் உயிரின் தப்பிக்கும் வழியை நம் கையில் வாங்கிக்கொள்கிறோம். பிறகு அது நம்மிடமுள்ள அமானிதம்.

பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்டதால் வேதனைக்குள்ளான பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி அது. பெரும்பாலும் அதிலிருந்து இரக்கம் என்ற ஒரு பாடத்தோடு எழுந்துவந்துவிடுகிறோம். சற்று நிதானித்துப் பார்த்தால், அவள் மீது சொல்லப்படும் குற்றம் மிகத் துல்லியமானது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியில் திரியும் சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்னும்படி வெளியே விடவும் இல்லை. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அந்தப் பூனை பிழைத்திருக்கும். அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறந்தாள், அல்லது மறந்ததைப் போல இருந்தாள். வெள்ளம் வரும் என்று தெரிந்தும் ஆட்டைக் கட்டியபடி விட்டுப் போகிறவனுக்கும் அவளுக்கும் இடையே நாம் எங்கே கோடு கிழிப்பது?

வெள்ளம் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது. பூட்டு நாள்தோறும் விழுகிறது. உம்ராவுக்கென்று 15 நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறோம். வெளியூர்த் திருமணத்துக்கு மூன்று நாள் போகிறோம். பரணில் குட்டி போட்டிருந்த பூனை உள்ளேயே மாட்டிக்கொண்டதை, பக்கத்து வீட்டார் அழுகுரல் கேட்டுத் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அறிகிறோம். சாவியோ நம்மோடு விமானத்தில். பயணத்துக்கு முன் கடன்களைத் தீர்ப்பதும், மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதும் நம்மிடையே நல்ல வழக்கங்கள். அவற்றோடு இன்னொன்றும் சேரட்டும். பூட்டுப் போடுமுன் பரண், அலமாரி, கட்டிலடி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஒரு சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம். கூண்டுக் குருவிகளை வளர்ப்பவர் கூண்டோடு ஒப்படைக்க வேண்டும். மூன்று நாளுக்கான தினையைக் கொட்டிவிட்டுப் போனால், கிண்ணத்துத் தண்ணீர் முதல் நாளே கவிழ்ந்துவிடக்கூடும்; சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. (பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்போருக்கு ஒரு சொல்: 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அன்பாகத்தான் வளர்க்கிறோம் என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.)

அன்பு செய்யும் கேடும் ஒன்று உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வாங்கிவந்து கட்டுகிறோம். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து, பள்ளி விட்டு வந்ததும் கட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கை சோறு, மிச்ச பிரியாணி, இட்லி மாவு என்று ஊட்டுகிறார்கள். தழையும் வைக்கோலும் தின்று பழகிய வயிற்றில் சோறு திடீரென நிறையச் சேர்ந்தால், அங்கே அமிலம் மிகுந்து, வயிறு உப்பி, ஆடு தலையைத் தொங்கப்போட்டு நின்றுவிடும். சில வேளைகளில் ஓரிரு நாளில் இறந்தும் போகும். கண் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். பட்டது கண் அன்று, சோறு. குர்பானிக்குரிய பிராணி நோயின்றி, குறையின்றி இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம் காட்டும் நாம், அது நம் வீட்டு வாசலில் நிற்கும் பத்து நாளில் அதை நோயாளியாக்கிவிடுகிறோம். அறுக்கும் நேரத்தில்கூட அதற்கு வதை கூடாது, கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்துக்கு இது பொருந்துமா? வந்த நாள் முதல் பழகிய தீனியையே கொடுத்து, நிழலும் தண்ணீரும் கொடுத்தால் போதும்.

பூனைக்கும் பிரியாணித் தட்டு நல்லதன்று. வெங்காயம் அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். அதற்குக் காய்ச்சல் என்று நமக்கு வாங்கிய பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனைக்கு அது நஞ்சு. பூனையின் உடலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது. கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். கால்நடைகளுக்கான அவசர அழைப்பு எண் 1962 என்பதையும் வீட்டுச் சுவரில் எழுதிவைக்கலாம்.

வெறிநோயைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. ஆனால் பூனைதானே கீறியது என்று மஞ்சளைத் தடவிவிட்டு இருந்துவிடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நாய்க்கு வரும் வெறிநோய் பூனைக்கும் வரும். அதன் பல்லும் நகமும் அதைக் கடத்தும். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயின் அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. வளர்க்கும் பூனைக்கும் நாய்க்கும் மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம்கள் நடப்பதுண்டு.

நாய் என்றதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேட்டைக்கும், மந்தைக்கும், விளைநிலக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கு வெளியே என்ன சட்டம் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் நீர் முகந்து கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியில், அது யாருடைய நாய் என்ற கேள்வியே எழவில்லை. தண்ணீர் சூழ்ந்த திண்ணையில் நடுங்கும் நாயைக் கண்டால் நம் கடமை என்ன என்பதற்கு அது போதும்.

இனி, நெருக்கடி நேரத்துக்கு வருவோம். 2018 வெள்ளத்தில் கேரளத்தின் திருச்சூரில் ஒரு பெண்மணி, தாம் வளர்த்த 25 நாய்களை விட்டுவிட்டு மீட்புப் படகில் ஏற மறுத்தார். நாய்களையும் மீட்க ஆள் வந்த பிறகே வெளியேறினார். 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் மூழ்கடித்தபோது, வளர்ப்புப் பிராணிகளை ஏற்க மாட்டோம் என்று முகாம்களும் வாகனங்களும் சொன்னதால் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டனர். மனித உயிர்களையும் அது பாதித்தது என்று கண்டு, அடுத்த ஆண்டே, இடப்பெயர்வுத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் வழி செய்ய வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது. பணக்கார நாட்டின் செல்லப்பிராணிக் கதை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். நம்மிடையே கணவரை இழந்த ஒரு மூதாட்டிக்கு இரண்டு வெள்ளாடுகள்தாம் வங்கிக் கணக்கு. பேத்தியின் காதுத் தோடும் அவைதாம், மருத்துவச் செலவும் அவைதாம். மாலையில் வீடு வீடாகப் போய், பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று அழைத்தால், ஆட்டை எங்கே கட்டுவது என்பதே அவர் கேட்கும் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லையென்றால் அவர் வர மாட்டார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிட்டு நாம் போய்விடலாம். இரவில் தண்ணீர் ஏறினால், அவரைத் தேடி இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்க வேண்டியிருக்கும்.

மனிதர்களுக்கே இடம் போதாத நேரத்தில் ஆட்டுக்கும் பூனைக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் பதில் அந்த மூதாட்டிதான். ஆட்டுக்கு ஒதுக்கும் இடம் அவருக்கு ஒதுக்கும் இடமே. நூஹ் (அலை) அவர்களின் கப்பலில் ஈமான் கொண்டவர்கள் ஏறினார்கள். இணை இணையாக உயிரினங்களும் ஏற்றப்பட்டன. இடம் நெருக்கம் என்று அங்கே எதுவும் கழிக்கப்படவில்லை.

ஆகவே மழைக்காலம் வருமுன் நம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. பள்ளிவாசலை ஒட்டி மண்டபமோ மதரஸாக் கட்டடமோ உள்ள ஊர்களில், பேரிடர் நேரத்தில் மக்கள் அங்கேதான் கூடுகிறார்கள். தொழுமிடத்துக்குள் ஆடுமாடுகளைக் கொண்டுவாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மண்டபத்தின் பின்புறம் பந்திக்குச் சமைக்கும் கொட்டகை இருக்கும். மேட்டில், கூரையோடு, தண்ணீர்க் குழாயோடு இருக்கும். அதை ஆடு, கோழி, பூனைக்கென முன்கூட்டியே அறிவித்துவிடலாம். நான்கு முளைகள், சில கூடைகள், இரண்டு கட்டு வைக்கோல், செலவு பெரிதன்று. ஒலிபெருக்கியில் வெள்ள எச்சரிக்கை சொல்லும்போது, ஆடுகளையும் ஓட்டி வாருங்கள், இடம் இருக்கிறது என்ற ஒரு வரியும் சேர்ந்தால், வர மறுத்தவர்களில் பாதிப் பேராவது வந்துவிடுவார்கள் என்பது நம் நம்பிக்கை. மாடுகள் அங்கே கொள்ளா. அவற்றை மேட்டு நிலத்தில் யார் தோட்டத்தில் கட்டுவது என்பதை அந்தந்தத் தெருவார் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா அணைகளுக்கு வருகிறது; அணை நிரம்பும் செய்தி வந்த அன்றே பகலில் இடம் மாற்றிவிடுவது நல்லது. இருட்டில் மாடு மிரளும்.

வீடுகளில் செய்ய வேண்டியவை சிறியவை. மழை நாள்களில் இரவுக்குக் கட்டும்போது, நுனியை ஒரு முறை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். கயிறு நனைந்தால் முடிச்சு இறுகும். பதற்றத்தில் விரல் வேலை செய்யாது. ஆகவே கொட்டிலின் தூணில் ஓர் அரிவாள் செருகி இருக்கட்டும். சங்கிலியும் பூட்டும் வேண்டாம். பயந்த பூனையைக் கையால் தூக்க முடியாது, கீறிவிடும். தடித்த தலையணை உறைக்குள் விட்டு வாயைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், துணி வழியே அதற்குக் காற்று வரும். புது இடத்தில் இரண்டு மூன்று நாள் அதை அடைத்தே வைத்து உணவிட வேண்டும். இல்லையேல் வெள்ளத்துக்குள்ளேயே பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். கோழிக்குப் பஞ்சாரமும் புறாவுக்குத் திறந்துவிட்ட கூண்டும் போதும். ஆட்டுக்குத் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடுகளையே அந்நோய் அதிகம் கொல்கிறது. ஈரமாகி பூசணம் பிடித்த தீவனத்தை வீணாகிறதே என்று போடவும் கூடாது.

எதையும் தூக்கிச் செல்ல நேரமில்லை என்ற நிலையும் வரலாம். பிள்ளைகளும் பெரியவர்களும்தாம் முதலில். அதில் எவருக்கும் ஐயமில்லை. அப்போதும் கொட்டிலைக் கடந்துதான் தெருவுக்கு வருகிறோம். கயிற்றின் நுனியை இழுக்கவும், கூண்டின் கொக்கியைத் தள்ளவும், பின்கதவைத் திறந்துவிடவும் ஒரு நிமிடம் ஆகாது. ஐப்பசி பிறக்குமுன் வரும் ஜமாஅத் கூட்டத்தில் கொட்டகையைப் பற்றி யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.