வெளிச்சத்துக்கு விலை பேசுகிறார்கள்

தெருவில் நடப்பவன் தெருவுக்குப் பணம் கட்டட்டும். விளக்கு வேண்டுபவன் விளக்குக்குக் கட்டணம் செலுத்தட்டும் என்றொரு வாதம் இன்று சீர்திருத்தம் என்ற பெயரில் உலவுகிறது. கடையில் அரிசி வாங்குபவன் காசு கொடுப்பதில்லையா என்று உவமையும் காட்டுகிறார்கள். இந்த நியாயத்தை அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நிறுத்திப் பார்ப்போம்.

அந்தப் பாதையைப் பயன்படுத்துபவர் யார்? கொழுந்து ஏற்றிய லொறி அதில் போகிறது. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட பெண் போகிறாள். சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நம் மாணவன் பாடசாலைக்கு வருகிறான். குழிகளைத் தோண்டியவை லொறிச் சக்கரங்கள். ஆயினும் கட்டணப் புத்தகம் தேடி வருவது லயத்து வாசலைத்தான். அப்பாதையில் இறங்கும் தேயிலையால் இலாபம் காண்பவனை அன்று.

இது புதிய தந்திரமன்று. 1848இல் ஆளுநர் டொரிங்டன் காலத்தில் வீதிச் சட்டமொன்று வந்தது. வயதுவந்த ஆண்மகன் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும். இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். கோப்பித் தோட்டக்காரருக்கு வீதி இன்றியமையாததாயிருந்த காலம் அது. பயன் அவர்களுக்கு, சுமை ஏழைக் குடியானவனுக்கு. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இத்தகைய வரிகளும் காரணமாயின.

தோட்ட மக்களுக்கோ வேறொரு நீதி வழங்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட இயலாது என்றார்கள். நீங்கள் சபைக்கு வரி கட்டுபவர்களல்லர், நீங்கள் வாழ்வது தனியார் இடம் என்று விளக்கமும் தந்தார்கள். தனியார் இடமா? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகந்தான் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையது, வாக்கு எங்களுடையது, விளக்கு மட்டும் எவருடையதுமன்று! இந்தத் தடையை நீக்கச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பதாண்டு இருளில் வைத்தபின் கதவைத் திறப்பவர்கள், வாசலிலே கட்டணம் கேட்பது முறையா?

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் எங்கள் மலைகளில் பிறக்கின்றன. 1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் நிறைவேறியது. கொழும்பு வீதிகளுக்கு ஒளியனுப்பிய ஆற்றங்கரையிலே, லயத்துப் பிள்ளைகள் தலைமுறைக் கணக்கில் குப்பி விளக்கில் படித்தார்கள். இவர்களா கடன்காரர்கள்?

சபைகளிடம் பணமில்லையே, எங்கிருந்து செலவிடுவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடையுமுண்டு. பயிரிடப்பட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் பிரதேச சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. தோட்டக் கம்பனிகள் அரசுக்குக் குத்தகை செலுத்துகின்றன. தேயிலை ஏற்றுமதியில் தீர்வை அறவிடப்படுகிறது. இவற்றில் தோட்டப் பாதைகளுக்கு உரிய பங்கைக் கேட்பதை விட்டு, 2024இல் 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளம் விதிக்கப்பட்ட தொழிலாளியின் மடியைத் தடவுவது வக்கிர புத்தி.

மேலும், தெருவிளக்கு அரிசி மூட்டையன்று. காசு கொடுத்தவன் தலைமேல் மட்டும் அது ஒளி வீசாது. ஆகவே கட்டண முறையில் இரண்டிலொன்றுதான் நடக்கும்: கட்ட முடியாத லயம் முழுவதும் இருளும், அல்லது கட்டியவன் கட்டாதவனைப் பகைப்பான். தொழிலாளரைப் பிரிக்க இதைவிட மலிவான வழி வேண்டுமா?

நம்மீதும் குற்றமுண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்துப் பல்பு வாங்கினோம்; சிரமதானம் செய்து குழி நிரப்பினோம். அந்த ஒற்றுமையை இகழோம். ஆனால் அது சபையின் கடமைக்கு ஈடாகிவிட நாம் இடங்கொடுத்தோம். நம் பெருந்தன்மையே இன்று அவர்களுடைய சாட்சியாக நிற்கிறது: இதுவரை கொடுத்தவர்கள் இனியும் கொடுக்கமாட்டார்களா என்கிறார்கள்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! அடுத்த முறை பணம் சேர்க்குமுன் கணக்குச் சேர்ப்போம். எந்தப் பாதையில் எத்தனை விளக்குகள் எரியவில்லை, எத்தனை யார் பாதை சிதைந்திருக்கிறது என்று எழுதுவோம். அந்தப் பட்டியலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளின் வாசலுக்குச் செல்வோம். ஏக்கர் வரியில் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு தோட்டத்துக்குத் திரும்பியது என்று கேட்போம். பதில் வரும்வரை ஒரு சதமும் கட்டணமாகத் தரமாட்டோம் என்று சொல்லவும் துணிவோம்.