கதவு செய்தவருக்கும் பங்கு!

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஆர்தர் என்று ஒரு சிற்றூர். கார் ஷெட்டுக்குக் கதவு செய்யும் சி.எச்.ஐ. கம்பெனி அங்கே இருக்கிறது.

2015-ல் கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் இதை வாங்கியது. பலரிடம் பணம் திரட்டிக் கம்பெனிகளை வாங்குவது, சில ஆண்டுகள் நடத்தி நல்ல விலைக்கு விற்பது. இதுதான் இப்படிப்பட்ட நிறுவனங்களின் தொழில். வாங்கும் கடனைப் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் தலையிலேயே ஏற்றிவிடுவார்கள். மாடு வாங்கிய கடனை மாடே உழைத்து அடைக்க வேண்டும்!

1982-ல் கிப்சன் என்ற வாழ்த்து அட்டைக் கம்பெனி 8 கோடி டாலருக்குக் கைமாறியது. வாங்கியவர்கள் போட்ட சொந்தப் பணம் சுமார் 10 லட்சம் டாலர்தான்! மற்றதெல்லாம் கடன். ஒன்றரை ஆண்டுக்குள் கம்பெனியின் மதிப்பு 29 கோடி டாலர் ஆயிற்று.

ஆர்தரில் ஒரு புதுமை நடந்தது. தொழிலாளர் அனைவருக்கும் பங்கு கொடுத்தார்கள். 2022-ல் நியூகோர் என்ற எஃகுக் கம்பெனி 300 கோடி டாலருக்கு அதை வாங்கியது. மணிக்கணக்கில் கூலி பெறும் தொழிலாளிக்கும் லாரி டிரைவருக்கும் சராசரியாக 1,75,000 டாலர் கிடைத்தது!

இது தர்மமா? இல்லை. கதவு செய்தவர் அவர்தானே! பங்கு கொடுத்ததால் முதலாளி நொடித்துப் போனாரா? போட்ட பணம் சுமார் 10 மடங்காகத் திரும்பியது. பிறகு, மற்ற நிறுவனங்களுக்கு ஏன் இந்தத் தயக்கம்?