பனிக்காலப் பங்கும் நிலவறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களில் டிசம்பர் பிறந்துவிட்டால் திறந்த வயலில் பச்சை என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றும் இராது. நிலம் உறைந்து கல்லாகிவிடும். அவ்வாறிருந்தும் அப்பகுதியில் பல குடும்பங்கள் பிப்ரவரி, மார்ச்சு வரையிலும் அண்டைப் பண்ணையில் விளைந்த காய்கறிகளை உண்டு வருகின்றன. இதற்கு வழி செய்வது 'பனிக்காலப் பங்கு' என்னும் ஏற்பாடு. பருவத்திற்கு முன்பே குடும்பம் பண்ணைக்குப் பணம் செலுத்துகிறது. பண்ணை இரு வாரங்களுக்கொரு முறையோ மாதத்திற்கொரு முறையோ ஒரு பெட்டி நிறையக் காய்கறி கொடுக்கிறது. இதைக் கேள்விப்படுவோர் பெரும்பாலும் பெட்டியையே காண்கின்றனர். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நிலவறையையும், அதற்கும் முன்னால் பண்ணையாருக்கும் குடும்பங்களுக்கும் இடையே நடந்த பேச்சையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நம் நாட்டின் குளிர்ப் பிரதேசங்களில் இதனை மேற்கொள்ள விரும்புவோர் அவ்விரண்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பங்கு முறை மிகப் பழையதன்று. ஜப்பானில் 1970களில் இல்லத்தரசிகளும் விவசாயிகளும் இடைத்தரகரின்றி நேரே கூடி 'தெய்கெய்' என்னும் உடன்பாட்டை வளர்த்தனர். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்தின் இண்டியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டெம்பிள்-வில்டன் சமுதாயப் பண்ணையும் இம்முறையில் இயங்கத் தொடங்கின. இவற்றுள் இரண்டாவதன் வழக்கம் நம்மவர் கவனத்திற்கு மிகவும் உரியது. பண்ணையின் ஆண்டுச் செலவு முழுவதும் கூட்டத்தில் எடுத்துரைக்கப்படும். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைக் கூறும். மொத்தம் செலவுக்குப் போதாவிடில் மீண்டும் ஒரு சுற்று கேட்கப்படும். வசதியுள்ளவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் ஏற்க, பண்ணையின் பளு பலர் தோளில் ஏறுகிறது. காய்கறிக்கு விலை வைக்கும் முறை என்று இதனைக் கூற இயலாது. விவசாயியின் நஷ்ட பயத்தில் மற்றவரும் கலந்துகொள்ளும் முறை என்றே கூறவேண்டும்.

கோடைப் பங்கிற்கு நல்ல மண்ணும் உழைப்பும் இருந்தால் பெரும்பாலும் போதும். பனிக்காலப் பங்கிற்கோ சேமிப்பு விஞ்ஞானம் இன்றியமையாதது. காரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் 0 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையும் 95 சதவீதத்திற்குக் குறையாத ஈரப்பதமும் உள்ள அறையில் மாதக் கணக்கில் வாடாமல் இருக்கும். காரட் ஆறு மாதம் வரையிலும் தாங்கும். வெங்காயத்திற்கு அதே குளிர்ச்சி தேவையாயினும் ஈரம் ஆகாது. 65 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் போதும். மிகுந்தால் முளைவிடும், வேர்விடும். உருளைக்கிழங்கை 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் மாவுச்சத்துச் சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கருத்துவிடும். பரங்கிக்காய்க்கு 10 முதல் 13 டிகிரியும் உலர்ந்த காற்றும் வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு 13 டிகிரிக்குக் குறைந்தால் குளிரால் கெட்டுவிடும். ஆகவே 'குளிர்ந்த அறை ஒன்று இருக்கிறது' என்று ஒரு பண்ணையார் கூறுவதனால் மட்டும் திருப்தியடைதல் கூடாது. ஒரே அறையில் எல்லாவற்றையும் குவிப்பவர் ஜனவரியில் பாதியைக் குப்பையில் கொட்ட நேரிடும். ஆப்பிளைக் காரட்டுடன் சேர்த்து வைத்தால், ஆப்பிள் வெளியிடும் எதிலீன் வாயுவினால் காரட் கசந்துபோகும் என்பதைப் பலர் அனுபவித்தே அறிகின்றனர்.

பனிக்காலப் பெட்டியில் கிழங்குகளோடு சில சமயம் கீரையும் இருக்கும். அதன் வரலாறு வேறு. பகற்பொழுது 10 மணி நேரத்திற்குக் குறைந்தால் பெரும்பாலான கீரைகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பாஸ்டன் நகரத்தின் மிகக் குறுகிய பகல் சுமார் 9 மணி நேரமே. எனவே அங்கே பாலிதீன் கூடாரங்களில் கீரையை இலையுதிர் காலத்திலேயே வளர்த்து முடித்து, பனிக்காலம் முழுவதும் நிற்கவைத்துச் சிறிது சிறிதாக அறுக்கிறார்கள். மெய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்னும் பண்ணையார் சூடேற்றாத கூடாரங்களிலேயே இதனைச் செய்து காட்டி நூல்களும் எழுதியுள்ளார். உறைபனிக்கு ஈடுகொடுக்கப் பாலக்கீரை தன் இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால், பனிக்காலக் கீரையில் தனி இனிப்பு உண்டு. சென்னையின் மிகக் குறுகிய பகலே 11 மணிக்கு மேற்பட்டது. லே நகரில் அது 10 மணிக்குச் சற்றே குறைவு. தென்னாட்டுப் பள்ளிகளில் அட்சரேகையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒப்பீட்டைக் கரும்பலகையில் எழுதினால், பூகோளம் மாணவரின் உணவுத் தட்டிற்கு வந்துவிடும்.

பங்கைத் தேடும் குடும்பம் அங்கே செய்யும் பிழை ஒன்று உண்டு. குளிர் தொடங்கிய பின்னரே தேடத் தொடங்குகிறது. பனிக்காலத்திற்கான முட்டைக்கோசின் விதை விழுவது பெரும்பாலும் ஜூன் மாதத்தில். எத்தனை குடும்பத்திற்கு எத்தனை வரிசை என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. கோடை முடிவதற்குள் பெயர் பதியாதவருக்குப் பல பண்ணைகளில் இடம் கிடைப்பதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை இத்தகைய பண்ணைகளின் பட்டியல் ஒன்றைப் பொதுமக்களுக்காக வைத்திருக்கிறது. பட்டியலில் பெயர் கிடைத்ததும் கேட்கவேண்டிய முதற் கேள்வி விலையைப் பற்றியதாக இருத்தல் கூடாது. பெட்டியிலுள்ளவற்றில் எவை சொந்த நிலத்தில் விளைந்தவை, எவை பிறரிடம் வாங்கியவை, அவை எங்கே எவ்வாறு வைக்கப்பட்டன என்று கேட்டல் வேண்டும். அண்டைப் பண்ணையிடம் வாங்கிச் சேர்ப்பது குற்றமன்று. அதைக் கூறாமலிருப்பதே குற்றம்.

இவையெல்லாம் செல்வ நாட்டின் விளையாட்டு என்று நம் அலுவலர் சிலர் ஒதுக்கிவிடக்கூடும். அது சரியன்று. லடாக்கில் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸோஜி லா கணவாய் பனியால் அடைபடும் வாரங்களில் பசுங்காய்கறி விமானத்தில் வரவேண்டும். அதன் விலை சாமானியக் குடும்பத்திற்கு எட்டாதது. ஆனால் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணில் குழி தோண்டி முள்ளங்கி, டர்னிப், உருளைக்கிழங்கு முதலியவற்றைப் புதைத்து வைத்து உண்டு வந்தவர்களே. தெற்கு முகம் பாலிதீனாலும் மற்ற மூன்று பக்கம் கனத்த மண்சுவராலும் அமைந்த சூரியவெப்பக் கூடாரங்கள் இன்று அங்குப் பரவியுள்ளன. ஆக, குழியும் கூடாரமும் இருக்கின்றன, வெயிலுக்கும் குறைவில்லை. இல்லாதது முன்கூட்டிச் செய்துகொள்ளும் உடன்பாடு. பள்ளி விடுதியோ, மருத்துவமனைச் சமையற்கூடமோ, பத்துக் குடும்பங்களோ விதைப்பிற்கு முன் 'இவ்வளவு காரட் வாங்கிக்கொள்வோம்' என்று சொல்லியிருந்தால், விவசாயி பெரிய குழி தோண்டத் தயங்கமாட்டார்.

ஓரிடத்தில் மட்டும் அமெரிக்க முறையை அப்படியே ஏற்றல் தகாது. அங்கே முழுத் தொகையையும் முன்பணமாக வாங்குவது பரவலான வழக்கம். விளைச்சல் குறைந்தால் பெட்டியும் குறையும். மாதச் சம்பளத்தில் காலங்கழிக்கும் குடும்பத்தின் மேல் இதனைச் சுமத்துதல் அநியாயம். விதைக்கும், குழிக்கும், பாலிதீனுக்குமான செலவை மட்டும் முன்பணமாகவும், எஞ்சியதைத் தவணையாகவும் பெறலாம். விடுதி போன்ற நிறுவனங்கள் நஷ்டத்தில் பெரும்பங்கை ஏற்றல் பொருத்தமாகும்.

விஸ்தரிப்பு ஊழியர் கையில் இருக்கவேண்டிய கருவி ஒரு வெப்பமானி. முதல் ஆண்டு பங்கு எதுவும் விற்காமல், இரண்டு மூன்று குழிகளில் நவம்பர் முதல் மார்ச்சு வரை வாரந்தோறும் உஷ்ணநிலையைக் குறித்து, அழுகிய கிழங்குகளை எண்ணி வைத்தால், எத்தனை குடும்பத்திற்கு வாக்குறுதி கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். லேயில் சாகுபடிப் பருவம் மே முதல் செப்டம்பர் வரையே ஆதலால், அந்த எண்ணிக்கையுடன் குடும்பங்களைக் கூட்டவேண்டிய மாதம் ஏப்ரல்.