கருவி செய்தவர் கையேடும் எழுதட்டும்!

(பத்தாம் வகுப்பு மாணவி, மடவார் வளாகம்)



கணினியைத் தொடாமல் ஒரு நாளும் கழியாத காலத்தில் நாம் வாழ்கிறோம். நிரல் எழுதக் கற்றவர்கள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால், தாம் எழுதிய நிரல் என்ன செய்யும், எதை அழிக்கும் என்பதைப் பிறருக்கு விளங்க எழுதி வைப்பவர்கள் மிகச் சிலரே. இதைச் சிறு குறை என்று பலரும் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. காரணம், சென்ற கோடை விடுமுறையில் எங்களுக்கு நேர்ந்த ஓர் இழப்பு.

எங்கள் தெருப் பிள்ளைகள் கதைப் புத்தகங்களைத் தமக்குள் மாற்றிப் படிப்பதுண்டு. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று அறிய, நானும் என் தோழியர் இருவரும் பைத்தான் மொழியில் ஒரு பதிவேடு எழுதத் தொடங்கினோம். ஒருவர் எழுதியதை மற்றவர் கெடுத்துவிடாதிருக்க, 'கிட்' என்னும் மென்பொருளை என் அண்ணன் எங்களுக்குக் கற்றுத் தந்தார். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதனை உருவாக்கினார். அதுவரை லினக்ஸ் குழுவினர் பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமை நின்றுபோனதே அதற்குக் காரணமாம்.

கணினி அறியாத தாய்மார்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நிரலின் ஒவ்வொரு நிலையையும் கிட் ஒரு களஞ்சியத்தில் சேமித்து வைக்கும். மூலத்தைத் தொடாமல் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டுமானால் அதிலிருந்து ஒரு 'கிளை' பிரித்துக்கொள்ளலாம். களஞ்சியத்தின் படி நம் கணினியிலும் இருக்கும், தொலைவிலுள்ள சேவையகத்திலும் இருக்கும். அங்கே கிளைகள் வளர்ந்துவிடும். இங்கே பழைய நிலையிலேயே நிற்கும். இரண்டையும் ஒன்றாக்குவதே ஒத்திசைவு. பத்துக் கிளைகளை ஒவ்வொன்றாக ஒத்திசைப்பது சலிப்பூட்டும் வேலை. ஆகவே அண்ணன், ஒரே கட்டளையில் எல்லாக் கிளைகளையும் சரிசெய்யும் கருவி ஒன்றைத் தாமே எழுதினார். அதற்கு இருந்த கையேடு ஒரே வரிதான்: "எல்லாக் கிளைகளையும் ஒத்திசைக்கும்."

எங்கள் மூவருக்கும் இருந்தது ஒரே மடிக்கணினி. ஒரு மாலை நான் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். என் தோழி மூன்று நாள் எழுதி, இன்னும் களஞ்சியத்தில் பதியாமல் வைத்திருந்த மாற்றங்கள் யாவும் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்தன. சேவையகத்தில் உள்ளபடியே எல்லாவற்றையும் ஆக்கு என்று, 'ரீசெட் ஹார்டு' என்னும் கட்டளையைக் கருவிக்குள் அண்ணன் வைத்திருந்தார். வேறொரு கிளையும் போய்விட்டது. ஆனால் அது முன்பே பதியப்பட்டிருந்தமையால் 'ரெஃப்லாக்' என்னும் குறிப்பேட்டிலிருந்து மீட்டுவிட்டோம். எந்தக் கிளையிலும் சேராது விடுபட்ட பதிவுகளின் குறிப்பைக் கிட் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். பதியாததற்கு அந்த வழியும் இல்லை. தோழி அழவில்லை, பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"நிரலைப் படித்தாலே தெரியுமே, தனியாகக் கையேடு எதற்கு?" என்றார் அண்ணன். படிக்கத் தெரிந்தவருக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் கருவியின் பயனே, உள்ளே பார்க்காமல் பயன்படுத்துவதல்லவா? என் தந்தையார் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறார். ஷிப்ட் மாறும்போது எந்த இயந்திரம் எந்நிலையில் இருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் வருவார்களாம். அடுத்து வருபவர் இயந்திரத்தைத் திறந்து பார்த்துக் கண்டுகொள்ளட்டும் என்று ஒருவரும் விடுவதில்லை.

திருமலை நாயக்கர் காலத்தைப் பற்றி எங்கள் ஊரில் பெரியவர்கள் ஒரு செய்தி சொல்வதுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்ததும் முரசு ஒலிக்குமாம். வழிநெடுக மண்டபங்களில் இருந்தவர்கள் அதைக் கேட்டு ஒருவர்பின் ஒருவராக முழக்க, மதுரையில் மன்னர் உணவு கொள்வாராம். அதுவும் ஓர் ஒத்திசைவுக் கருவிதானே! புதிதாக வேலைக்கு வந்த முரசுக்காரருக்கு, முன்மண்டபத்து ஒலி கேளாமல் அடிக்கலாகாது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாது விட்டிருந்தால் மன்னர் பூசைக்கு முன்பே உண்டிருப்பார்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவே கையேடு எழுதித் தரும் என்று சிலர் சொல்கிறார்கள். அது நிரலைப் படித்து, என்ன நடக்கும் என்று சொல்லலாம். அண்ணன் என்ன நடக்கவேண்டும் என்று எண்ணினார் என்பது நிரலில் இல்லையே. அந்த இரண்டும் வேறாயிருந்ததுதான் எங்கள் தொல்லை.

ஆகவே நானே கையேடு எழுத உட்கார்ந்தேன், தமிழில். 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருவதைக் கண்டு வந்த துணிச்சல் அது. வழக்கமாகக் கையேடுகள் கருவியின் பெருமையில் தொடங்கும். நான் அது எதையெதை அழிக்கும் என்பதில் தொடங்கினேன். பதியாத மாற்றம் இருந்தால் என்ன ஆகும்? சேவையகத்தில் நீக்கிய கிளையில் நம் வேலை மிச்சமிருந்தால்? பாதியில் இணையம் அறுந்தால்? ஒவ்வொன்றாக அண்ணனிடம் கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. "இரு பாப்பா, பார்த்துச் சொல்கிறேன்" என்று கணினிமுன் போய் அமர்ந்தார். நள்ளிரவுவரை எழவில்லை.

இப்போது அந்தக் கருவி, பதியாத மாற்றம் இருந்தால் அந்தக் களஞ்சியத்தைத் தொடாமல் நின்று, காரணத்தைத் தமிழில் சொல்கிறது. நேர்க்கோட்டில் முன்னேறக்கூடிய கிளைகளை மட்டும் நகர்த்துகிறது. கையேடு நான்கு பக்கம் ஆயிற்று. அதில் முதல் பிழையைக் கண்டுபிடித்தவள் என் தோழிதான்.

அவள் தன் பகுதியை மறுபடியும் எழுதி முடித்துவிட்டாள். முதலில் எழுதியதே இதைவிட நன்றாயிருந்தது என்று இன்றுவரை சொல்கிறாள்.