பெயர் வைக்கவும் உயர் நீதிமன்றமா?

மூன்று வயதைக் கடந்த ஒரு பெண் குழந்தைக்குக் கேரள உயர் நீதிமன்றம் பெயர் வைத்தது. பிரிந்து வாழும் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றதால் நீதிபதியே தலையிட வேண்டியதாயிற்று என்று 2023 செப்டம்பர் மாதத் தீர்ப்பைப் பற்றிய செய்திகள் சொன்னதை வாசகர்கள் படித்திருப்பார்கள். நீதிபதி செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை யாரிடம் வளர்கிறதோ அந்தத் தாய் சொன்ன பெயரை ஏற்றார், அதோடு தகப்பன் பெயரையும் சேர்த்தார். பெற்றோரின் பூசல் தீரும்வரை காத்திருந்தால் குழந்தை பெயரில்லாமலே வளரும், அது அதன் நலனுக்கு ஆகாது என்று கருதி, தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு நீதிமன்றமே காப்பாளராக நிற்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தினார். சரியான முடிவு.

தவறான முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பெயரில்லாத பிறப்புச் சான்றிதழைப் பள்ளி ஏற்கவில்லை என்று அந்தத் தாய் பதிவு அலுவலகத்துக்குப் போனபோது, "இருவரும் சேர்ந்து வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களே, அந்த முடிவைத்தான் சொல்கிறோம். குடும்பச் சண்டை என்ற பரபரப்பில் அது அமுங்கிப்போயிற்று. பெற்றோர் இருவரையும் திட்டித் தீர்த்தவர்கள், பதிவேட்டைத் திறக்க மறுத்த கையை விட்டுவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 14ஆம் பிரிவு நாலே வரிதான். பெயரில்லாமல் பதிவான குழந்தையின் பெயரைப் பெற்றவரோ பாதுகாவலரோ பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி. சொன்னதும் பதிவாளர் அதைப் பதிவேட்டில் ஏற்றிக் கையொப்பமிட வேண்டும். இருவரும் வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. மற்றவரிடம் ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்கி வா என்றும் இல்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாக இந்தப் பிரிவு அச்சில் இருக்கிறது. அதைப் படித்து நடப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள், அதில் இல்லாத நிபந்தனையைத் தாங்களே சேர்த்து ஒரு குழந்தையைப் பெயரில்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"இருவரும் வாருங்கள்" என்ற சொல் யாருடைய வாசலில் போய் இடிக்கிறது என்பதை அவர்கள் யோசித்ததுண்டா? ஒற்றுமையாக வாழும் தம்பதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஒரு அரை நாள் விடுப்போடு வேலை முடிந்துவிடும். விட்டுவிட்டு ஓடிப்போனவனின் மனைவிக்கு அது மூடிய கதவு. அடித்துத் துரத்தப்பட்டவள், அடித்தவனையே தேடிப்போய்க் கெஞ்சி அழைத்து வர வேண்டும் என்பது அதற்குப் பொருள். ஜீவனாம்சம் கொடுக்காதவன், பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு ரூபாய் நீட்டாதவன், பிள்ளையின் முகம் பார்த்து வருடக்கணக்கானவன், இந்த ஒரு நிபந்தனையால் மறுபடி பிடியைப் பெறுகிறான். வரமாட்டேன் என்று சும்மா இருந்தாலே போதும், அவன் ஜெயித்துவிடுகிறான். விவாகரத்து வழக்கில் பேரம் பேச அவனுக்கு ஒரு துருப்புச்சீட்டை அரசு அலுவலகமே எடுத்துக் கொடுக்கிறது.

தாய்க்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் நிலை என்ன? பெற்ற இருவரையும் இழந்த பேரனை வளர்க்கும் பாட்டி யாரை அழைத்து வருவாள்? தங்கை விட்டுப்போன பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் பெரியம்மா? கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழக அரசு 2021இல் தலா 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் அந்தப் பிள்ளையின் சான்றிதழில் பெயர் தவறாக இருந்தாலோ பெயரே இல்லாவிட்டாலோ, அதைச் சரிசெய்ய வளர்ப்பவர் எந்தப் படியில் ஏற வேண்டும்?

அந்தப் படிகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். முதலில் பாதுகாவலர் என்ற தகுதியே நீதிமன்றத்தில் வாங்க வேண்டியது. அதற்கான சட்டம் 1890இல் வெள்ளைக்காரன் போட்டது. பிள்ளை வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலோ, குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கேயோ மனுப் போட வேண்டும். பெற்றவர் உயிரோடு இருந்தால் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். உறவு, நடத்தை, இறந்தவரின் விருப்பம் எல்லாம் பார்த்து, விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்டு, நீதிமன்றம் நியமிக்கும். இவ்வளவும் தேவைதான், பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் இத்தனை சோதனையில் தேறி ஆணையோடு வெளியே வருகிறவருக்கும், பிள்ளையின் பெயரை மாற்றலாம் என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. உணவு, உடல்நலம், படிப்பு ஆகியவற்றைப் பாதுகாவலரின் கடமையாக அது சொல்கிறது, பெயரைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால்தான் விவரமறிந்த வக்கீல்கள், பாதுகாவலர் மனுவிலேயே பெயர் மாற்றத்துக்கும் வெளிப்படையான அனுமதி கேட்டு ஒரு வேண்டுதலைச் சேர்த்துவிடுகிறார்கள். அது தெரியாமல் வெறும் நியமன ஆணையோடு போகிறவர்கள் மறுபடி நீதிமன்றம் திரும்ப வேண்டியதுதான்.

அனுமதி கிடைத்த பிறகு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, பிறகு ஆதார், பள்ளிப் பதிவேடு என்று வரிசையாகப் போகலாம். பிறப்புப் பதிவேட்டுக்கு வரும்போது மறுபடி முட்டுகிறது. பதிவான பெயரைத் திருத்த வழிசெய்யும், பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவில் பிழை இருந்தாலோ முறைகேடாகப் பதிந்திருந்தாலோதான் திருத்தலாம் என்கிறது. அதுவும் பழைய பதிவை அழிக்காமல், ஓரத்தில் குறிப்பெழுதி. "முன்பு பதிந்த பெயர் பிழையில்லையே, நீங்கள் மாற்றத்தானே கேட்கிறீர்கள்" என்று பதிவாளர் கைவிரிக்கிறார். சிவில் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டு விளம்புகைத் தீர்ப்பு வாங்கி வாருங்கள் என்று அடுத்த வாசலைக் காட்டுகிறார். ஒரே பிள்ளை, ஒரே பெயர், இரண்டு நீதிமன்றங்கள்.

2023 அக்டோபர் முதல் தேதியோடு இது முன்பைவிடக் கொடுமையாகிவிட்டது. திருத்தப்பட்ட பதிவுச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றேதான். வாழ்க்கை முழுவதையும் ஒரு தாளில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள், அந்தத் தாளில் பெயர் ஏற்றுவதை எளிதாக்கியிருக்க வேண்டாமா? மேல்முறையீட்டுக்கு வழி செய்திருக்கிறோம் என்பார்கள். செய்திருக்கிறார்கள்: பதிவாளரின் முடிவு பிடிக்காதவர் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முறையிடலாம், அவர் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சட்டத்தில் இல்லாத நிபந்தனையைப் போட்ட துறையிடமே போய் முறையிட வேண்டும், அதற்கும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பதிவேட்டின் பொறுப்பில் இருப்பவர்கள் ஏதோ ஒருமுறை தடுமாறினார்கள் என்றால் மன்னிக்கலாம். ஆனால் இவர்களுக்கு நீதிமன்றங்கள் பாடம் எடுக்கத் தொடங்கி எத்தனை வருடம் ஆகிறது! 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மணமாகாத ஒரு தாயின் வழக்கில், தகப்பன் யார் என்று சொல்லும்படி அவளைக் கட்டாயப்படுத்த முடியாது, அவனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலே அவளைப் பாதுகாவலராக ஏற்கலாம் என்றது. தனித்து வாழும் தாய் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. அது நாடு முழுவதற்குமான உத்தரவு. அந்த மை காய்வதற்குள் நம் திருச்சியில் என்ன நடந்தது? கொடையாளர் விந்தணு மூலம் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் சான்றிதழில், சிகிச்சைக் காலத்தில் துணையாக வந்த ஒருவரின் பெயரைத் தகப்பன் என்று ஏற்றிவிட்டார்கள். நீக்கச் சொல்லி அவர் மனுக் கொடுத்தால், திருத்தலாமே தவிர நீக்க முடியாது என்றார்கள். கோட்டாட்சியரிடம் போனால், என் அதிகாரத்தில் இல்லை என்று பதில் வந்தது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டுத் தகப்பன் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடும்படி உத்தரவிட்ட பிறகுதான் தீர்ந்தது. பிறகு 2021இல் கேரளம்: செயற்கைக் கருத்தரிப்பில் தாயான தனித்த பெண்ணுக்குத் தகப்பன் பெயர் கேட்காத தனிப் படிவம் அச்சடியுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய், தகப்பன், பாதுகாவலர் ஆகியோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரிலேயே ஏற்றுக்கொண்டது. கடல் கடக்கும் ஆவணத்துக்குப் போதுமானது நகராட்சிப் பதிவேட்டுக்குப் போதாதா?

ஒவ்வொரு முறையும் ஒரு பெண் வழக்குப் போடுகிறாள், வெல்கிறாள், அவளுக்கு மட்டும் கிடைக்கிறது. அடுத்தவள் மறுபடி முதல் படியிலிருந்து ஏறுகிறாள். தீர்ப்பைக் கடைசி எழுத்தர்வரை கொண்டுபோகும் வேலையைச் செய்ய வேண்டியவர்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை. தோற்ற வழக்கின் செலவு அவர்கள் சம்பளத்திலிருந்து போவதில்லை என்பதால் தோற்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையும் இல்லை. இதைச் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க விட முடியாது. ஆண் வந்து கையெழுத்துப் போடாத காகிதம் காகிதமே இல்லை என்ற பழைய எண்ணம் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது.

தகப்பனுக்கு உரிமை இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர் நீதிமன்றம் போகட்டும். பிள்ளையை வளர்ப்பவர் பெயரைப் பதியட்டும், அது பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று நினைப்பவர் மனுப் போட்டு நிரூபிக்கட்டும். வழக்கின் பாரம் இன்று தலைகீழாக, சோறு போட்டு வளர்ப்பவர் தலையில் இருக்கிறது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இந்தத் திசையில்தான் பேசியது. கணவனை இழந்து மறுமணம் செய்த ஒரு தாய், பிள்ளைக்குப் புதிய குடும்பத்தின் பெயரை வைத்திருந்தார். முதல் கணவனின் பெற்றோர் தொடுத்த வழக்கில், பழைய குடும்பப் பெயரையே வைக்க வேண்டும், இரண்டாவது கணவரை ஆவணங்களில் மாற்றாந்தகப்பன் என்று குறிக்க வேண்டும் என ஆந்திர உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னது. வழக்கில் யாரும் கேட்காத நிவாரணம் அது. இயற்கைப் பாதுகாவலரான தாய்க்குப் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்க உரிமை உண்டு என்று அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாற்றாந்தகப்பன் என்று எழுதச் சொல்வது பிள்ளையின் மனதைப் பற்றிச் சிந்திக்காத, ஏறக்குறைய கொடூரமான செயல் என்றும் கண்டித்தது. இத்தனைக்கும் பிறகு பதிவு அலுவலகம் இன்னும் "இருவரும் வாருங்கள்" என்கிறது.

மத்திய அரசும் மாநில அரசுகளும் இதில் உடனே தெளிவான ஏற்பாடு ஒன்றைச் செய்ய வேண்டும். பிள்ளையை வளர்ப்பவரின் சொல்லை முதலில் ஏற்கும் விதி வர வேண்டும். நீதிமன்றம் நியமித்த பாதுகாவலருக்குப் பெயர் விஷயத்தில் இன்னொரு வழக்கு இல்லாமல் வழி பிறக்க வேண்டும். அடுத்த ஜூனில் பள்ளிகள் திறக்கின்றன. பெயர் எழுதாத சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்கப்போகும் தாய்மார்களும் பாட்டிகளும் யார் யார் என்று அந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது. பெயர்க் கட்டம் வெறுமையாகக் கிடக்கும் பதிவுகளைப் பதிவு அலுவலர்களே எடுத்துப் பார்த்து, வளர்ப்பவரை அவர்களே கூப்பிடட்டும்.