இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு

ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ.வே.சா. ஊர் ஊராக அலைந்த கதையைச் சொல்லிக் கண்கலங்காத இலக்கியக் கூட்டம் தமிழில் உண்டா? கலங்கியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்த சிற்றிதழ்ப் பக்கங்கள் மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு பழைய கணினிக்குள் கிடக்கும். அதற்குப் பெயர் வழங்கி. அதன் பிளக் நேராகச் சுவரில்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வசிக்கும் நாங்கள் பட்டுத்தான் பேசுகிறோம். எங்களுள் ஒருவரது வழங்கி, ஓர் ஆடிக் காற்றில் மின்சாரம் மூன்று முறை போய்ப்போய் வந்ததில் விழுந்தது. வன்தட்டு சாகவில்லை, பழுது நீக்கிய பிறகு கோப்புகள் பெயரிழந்து வெறும் எண்களாக மீண்டன. எது எந்த இதழின் எந்தப் பக்கம் என்று இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

"இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பது முதல் சமாதானம். மின்விசிறிக்கு அது போதும். ஆனால் மின்சாரம் போனதும் மின்கலத்துக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் இமைப்பொழுதே கணினியை வீழ்த்தக்கூடும். அதைவிட முக்கியம், மின்கலம் தீரப்போவதைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் கணினிக்குச் சொல்வதில்லை. யூஎஸ்பி கம்பியுள்ள யூபிஎஸ் சொல்லும். நட் என்ற இலவச மென்பொருள் அதைக் கேட்டுக் கணினியை முறையாக அணைக்கும். அந்தக் கம்பியைச் செருகாதவரின் யூபிஎஸ் விபத்தைச் சில நிமிடங்கள் ஒத்திப்போடுகிறது, அவ்வளவே.

"ரெய்டு போட்டிருக்கிறேன்" என்பது இரண்டாவது. இதைச் சொல்பவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். இரண்டு வன்தட்டுகளுக்கும் மின்சாரம் ஒரே கணத்தில்தானே போகிறது? சேமித்தாயிற்று என்று திரை சொன்ன பிறகும் எழுத்துகள் சிறிது நேரம் நினைவகத்திலேயே நிற்கின்றன. ஜர்னல் வைத்திருக்கும் கோப்பு முறைமை பொதுவாகக் காப்பது தன் கட்டமைப்பைத்தான். உங்கள் பக்கத்தை அன்று.

"இப்போது மின்வெட்டு ஏது?" 2008க்குப் பிந்தைய ஆண்டுகளின் மின்வெட்டுக்காவது நேர அட்டவணை இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா நேரம் பார்த்தா வந்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையே நீரில் நிறுத்தியது. நாள்கணக்கில் இருண்ட வீட்டில் எந்த யூபிஎஸ்ஸும் தாங்காது. ஒழுங்காக அணைவதும், வேறோர் ஊரில் இன்னொரு பிரதி இருப்பதுமே வழி. செலவைப் பற்றி முணுமுணுப்பவர்கள் விழாக்களில் போர்த்தும் பொன்னாடைகளின் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

வாங்கியவர்களும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். பிரதி எடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கணினி தானே அணைகிறதா? எங்களுள் மூவர் வீட்டில் முதல் முறை அணையவில்லை.